எச்சமும் முற்றும்

தமிழில் 'எச்சம்' என்றொரு சொல் உண்டு. சிறிய சொல்லாயினும் அது தாங்கி நிற்கும் பொருள்கள் பல. உண்டபின் கலத்தில் எஞ்சுவது எச்சம். ஒருவர் மறைந்தபின் உலகில் அவர்க்கென எஞ்சி நிற்கும் மக்களும் புகழும் எச்சம். தகுதியுடையார் யார், தகுதியிலார் யார் என்பதை அவரவர் எச்சத்தைக் கொண்டே துணியலாம் என்பது வள்ளுவப் பெருந்தகை வகுத்த அளவுகோல். இலக்கண நூலார்க்கோ, தான் முற்றுப் பெறாமல் தன்னை முடித்து வைக்கும் மற்றொரு சொல்லை எதிர்நோக்கி நிற்கும் வினை எச்சமாகும். இவற்றோடு இன்னும் ஒரு பொருளும் உண்டு. உறுப்புக் குறையையும் நம் முன்னோர் எச்சம் என்றே வழங்கினர்.

புறநானூற்றின் 28ஆம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்னும் புலவர் சோழன் நலங்கிள்ளிக்கு அறவுரை கூறுகின்றார். அப்பாட்டின் தொடக்கத்தில் குருடு, உருவற்ற தசைப்பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்குருவம், மருள் என எட்டினை எண்ணி, அவற்றை எண்பேரெச்சம் எனத் தொகுக்கின்றார். அத்தகைய பிறப்பினால் ஊதியம் இல்லை என்று முன்னோர் கூறினர் என்பதும் அப்பாட்டின் கருத்து. புலவர் கருதியது, குறையற்ற உடலைப் பெற்ற மன்னன் அதனை அறத்திற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே. ஆயினும் போகிற போக்கில் அவர் எடுத்துக் காட்டிய அந்தத் தீர்ப்பு இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடையே உலவி வருகின்றது. எட்டாக இருந்த பட்டியல் இன்று நீண்டுவிட்டது. 1995ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கூறியது. 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைகளைக் கூறுகின்றது. பட்டியலை நீட்டிய சட்டம் உரிமையையும் சேர்த்தே நீட்டியது என்பது மகிழ்தற்குரியது. ஆனால் 'ஊதியம் இல்லை' என்னும் பழந்தீர்ப்பு சட்டத்தால் மட்டும் மாறக்கூடியதன்று. அது நம் பார்வையில் குடியிருக்கின்றது. பார்வையைத் திருத்துவது கலையின் தொழில். கலையைப் பார்க்கும் முறையைத் திருத்துவது திறனாய்வின் தொழில்.

பிறர் வேண்டாமென எறிந்த பொருள்களைக் கொண்டு சிற்பம் செய்யும் கலை ஒன்று கடந்த நூறாண்டில் உலகெங்கும் வளர்ந்துள்ளது. எறியப்பட்ட பொருள் ஓர் எச்சம். உறுப்புக் குறை மற்றோர் எச்சம். செய்தவர் விட்டுச் செல்லும் படைப்பு மூன்றாவது எச்சம். இம்மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில் நிகழ்வது யாது என்பதை ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கொக்கின் கதை

இவ்வினா நம்முள் எழுந்த விதத்தை முதலில் சொல்லிவிடுவது நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அலுவலகம் விட்டுத் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்து வருகையில், வழியில் ஒரு கூடத்தில் கைவினைப் பொருட்காட்சி நடைபெறுவதைக் கண்டு உள்ளே நுழைந்தோம். ஒரு மேசையின்மீது ஏறக்குறைய முப்பது பொம்மைகள். ஆக்ரிக் கடைக்குப் போகவேண்டிய இரும்பும் தகரமும் கொண்டு செய்யப்பட்டவை. மேசையின் முகப்பில் மலையாளத்தில் ஓர் அட்டை: 'பின்னசேஷிக்காரர் செய்தவை.' செய்தவர் எவர் பெயரும் அதில் இல்லை.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் 'பாவம்' என்றார்கள். அச்சொல் மலையாளத்திலும் தமிழிலும் ஒன்றேயாதலின் நமக்கும் எளிதில் வாயில் வந்தது. குடைக்கம்பிகளால் ஆன ஒரு கொக்கினை எடுத்தோம். ஒற்றைக் காலில் நின்றது. இன்னொரு கால் வைப்பதற்குக் கம்பி போதவில்லை போலும், அல்லது செய்தவர்க்கு இயலவில்லை போலும் என்று எண்ணினோம். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தோம். நற்செயல் ஒன்று செய்த நிறைவோடு வீடு வந்து, அதனைப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். பின்னர் அதனைப் பார்க்கவே இல்லை. பொருளை வாங்கினோம், ஆனால் பார்க்கவில்லை. அக்கொக்கினிடம் இக்கட்டுரையின் முடிவில் திரும்பி வருவோம்.

கழிபொருள் சிற்பமாகும் விதம்

எறியப்பட்ட பொருள் சிற்பமாவது எவ்வாறு? நம் நாட்டிலேயே இதற்குப் பேரெடுத்துக்காட்டு ஒன்று உள்ளது. சண்டிகரில் உள்ள பாறைத் தோட்டம். அதனை ஆக்கியவர் நேக் சந்த். 1924இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையில் ஊரை இழந்து இந்தியா வந்தார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணி ஏற்றார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே வரைந்த திட்டப்படி சண்டிகர் நகரம் எழுந்த காலம் அது. புதுநகரத்திற்காகப் பழஞ்சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவற்றின் இடிபாடுகளையும், உடைந்த பீங்கானையும், வளையல் துண்டுகளையும், மின்கருவிகளின் சிதைவுகளையும் நேக் சந்த் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, சுக்னா ஏரிக்கு அருகே காட்டினுள் மறைவாகச் சேர்த்தார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ 18 ஆண்டுகள், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில், எவர் அனுமதியுமின்றி அவற்றை மனிதராகவும் விலங்காகவும் ஆக்கி அடுக்கினார். அரசு நிலத்தில் ஓர் அரசு ஊழியர் செய்த அத்துமீறல் அது. கண்டுபிடிக்கப்பட்டபோது அதனை இடித்திருக்கலாம். இடிக்காமல் 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2015இல் அவர் மறைந்தார். அலுவலகக் கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு, மாலைப் பொழுதின் மதிப்பினை இவரைக் காட்டிலும் நன்கு உணர்த்தியவர் இலர்.

அத்தோட்டத்தில் வரிசை வரிசையாக நிற்கும் பெண்ணுருவங்கள் பல, உடைந்த கண்ணாடி வளையல்களை ஆடையாக உடுத்தவை. நம் வழக்கில் வளையல் உடைதல் அமங்கலம். உடைந்த வளையலை வீட்டில் வைத்திருப்பதும் ஆகாது என்பர். அதே வளையல் துண்டுகள் அங்கு ஆயிரக்கணக்கில் சேர்ந்து பச்சையும் சிவப்புமாக ஒளிர்கின்றன. பார்ப்பவர் கண் அங்கு இரண்டினைக் காண்கின்றது: இது வளையல், இது பாவாடை. இரண்டும் ஒரே வேளையில் தெரிகின்றன. ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை.

இவ்விரட்டைப் பார்வையே கழிபொருள் சிற்பத்தின் உயிர்நிலை. நம் சுவாமிமலைச் சிற்பியர் செப்புத் திருமேனி வார்க்கும் முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் உலோகத்தை உருக்குகின்றார். உருகியபின் அது முன்பு குடமாக இருந்ததா, விளக்காக இருந்ததா என்னும் வரலாறு அழிந்து விடுகின்றது. கழிபொருள் சிற்பி உருக்குவதில்லை. ஒட்டுகின்றார், கட்டுகின்றார், பொருத்துகின்றார். பொருளின் பழைய வாழ்வு சிற்பத்தினுள் நின்று பேசுகின்றது. 1942இல் பிக்காசோ, மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு காளைத் தலையாக்கினார். அதனைக் காண்போர் மிதிவண்டியை மறந்துவிட்டால் அதில் சுவை இல்லை. காளையைக் காணாவிடினும் சுவை இல்லை.

எளிய உவமையின் பிழை

இவ்விடத்தில் ஓர் எளிய உவமை நம்மை வந்து அழைக்கும். உடைந்த பொருளைச் சிற்பி எடுத்து அழகாக்கினார். அதுபோலவே உடைந்த மனிதரையும் கலை எடுத்துக் குணமாக்கும் என்பது அவ்வுவமை. விழா மேடைகளில் இதனைக் கேட்டுக் கைதட்டுகிறோம். இது பிழை என்பதே நம் கருத்து.

உவமையில் மனிதர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். குப்பையின் இடத்தில் நிற்கிறார். எடுப்பவர் வேறொருவர், ஒட்டுபவர் வேறொருவர், பாராட்டுப் பெறுபவரும் வேறொருவர். முதுகண்ணன் சாத்தனார் எடுத்துக் காட்டிய 'ஊதியம் இல்லை' என்னும் தீர்ப்பையே இவ்வுவமை இனிய சொற்களில் திரும்பக் கூறுகின்றது.

இதன் வேர் நம் கோயில் மரபின் தவறான பயன்பாட்டில் உள்ளது எனத் தோன்றுகின்றது. திருமேனி பின்னமுற்றால் அது வழிபாட்டிற்கு ஆகாது. அகற்றிப் புதியது செய்து நிறுவுவர். கல்லுக்கும் செம்புக்கும் வகுத்த விதி அது. அதனை நாம் அறியாமலே மனிதர்க்கும் நீட்டிவிட்டோம். ஆனால் கேரளத்தில் வழங்கும் 'பின்னசேஷி' என்னும் சொல் ஒரு நல்ல நுட்பத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. 'பின்னம்' என்னும் வடசொல்லுக்கு உடைந்தது என்பதும் பொருள். வேறானது என்பதும் பொருள். கோயில் வழக்கு முதற்பொருளைக் கொண்டது. கேரள வழக்கோ இரண்டாம் பொருளைக் கொண்டு, வேறுபட்ட ஆற்றல் என்கிறது. தமிழ்நாட்டில் இன்று வழங்கும் 'மாற்றுத்திறனாளி' என்பதும் அதே கருத்தினது. சொல் மாறிவிட்டது. கண் மாறிற்றா என்பதே வினா.

வியப்பு யாதெனில், கல்லின்முன் நம் கண் முன்பே மாறியிருக்கின்றது. அருங்காட்சியகத்தில் கைமுறிந்த சிற்பத்தின்முன் நின்று மெய்ம்மறக்கின்றோம். 1820இல் மண்ணிலிருந்து கிடைத்து இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் மைலோ வீனஸ் சிலைக்கு இரு கைகளும் இல்லை. அதனைக் காண்போர் எவரும் பாவம் என்பதில்லை. தோளின் திருப்பத்தையும் இடையின் வளைவையும் காண்கின்றனர். உள்ளதைக் காணும் அந்தக் கண், உயிருள்ள மனிதர் ஒருவர் எதிர்ப்படும்போது மட்டும் இல்லாததைத் தேடி ஓடுவது ஏன்?

ஜூடித் ஸ்காட்

எச்சத்தின் மூன்று பொருள்களும் ஒரே வாழ்வில் கூடிய நிகழ்ச்சி அமெரிக்க நாட்டில் உண்டு. அவர் பெயர் ஜூடித் ஸ்காட். 1943இல் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்தவர் ஜாய்ஸ். ஜூடித்துக்கு டவுன் நோய்க்குறி இருந்தது. அதனோடு செவிப்புலனும் இல்லை. செவி கேளாமை நெடுங்காலம் எவராலும் உணரப்படவில்லை. கேளாதவர் விடையளிக்கவில்லை, விடையளிக்காதவர் அறிவற்றவர் என்று தீர்க்கப்பட்டார். கல்வி புகட்ட இயலாதவர் எனக் குறிக்கப்பட்டு, ஏழு வயதில் வீட்டினின்று பிரிக்கப்பட்டு விடுதியில் சேர்க்கப்பட்டார். அவ்வாறு 35 ஆண்டுகள் கழிந்தன. நம் அலுவலகங்களில் உடைந்த நாற்காலியைக் 'கண்டம்' செய்து கிடங்கில் தள்ளுவது போன்றதொரு செயல். நாற்காலிக்காவது ஏலம் உண்டு.

1980களின் நடுவில் ஜாய்ஸ் தம் சகோதரியின் காப்பாளராகி, அவரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்தார். 1987இல் ஓக்லண்டு நகரில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்னும் கலைக்கூடத்தில் சேர்த்தார். உடலிலும் அறிவு வளர்ச்சியிலும் குறைபாடுடைய பெரியவர்கள் கலை பயில்வதற்கென 1974இல் தோன்றிய கூடம் அது. அங்கும் ஏறத்தாழ ஈராண்டுகள் ஜூடித் குறிப்பிடத்தக்க எதையும் செய்யவில்லை. வண்ணத்திலும் வரைதலிலும் அவருக்கு நாட்டம் பிறக்கவில்லை. பின்னர் இழைக்கலை பயிற்றும் கலைஞர் ஒருவரின் வகுப்பில் நூலும் கம்பளி இழையும் அவர் கைக்கு வந்தன. குச்சிகளை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். அதன்பின் 2005இல் மறையும் வரை அக்கை ஓயவில்லை. ஏறத்தாழ இருநூறு சிற்பங்கள் அவ்வாறு பிறந்தன.

அவர் செய்முறை இது. கூடத்தில் கைக்கு அகப்படும் பொருளை எடுப்பார். நாற்காலி, மின்விசிறி, சக்கரம், கம்பு, குழாய் என எதுவாயினும் ஆகும். பிறர் உடைமையும் சில வேளைகளில் மறைந்து போவதுண்டு. அதனை மையமாக வைத்து நூலாலும் துணிக்கிழிசலாலும் சுற்றுவார், முடிவார், ஊடே செலுத்தி இறுக்குவார். நாட்கள் வாரங்களாகும், வாரங்கள் மாதங்களாகும். மையப்பொருள் முழுதும் மறைந்து, காய் போலவும் கூடு போலவும் உடல் போலவும் ஓர் உருவம் திரளும். ஒருகால் நூல் கிடைக்காதபோது, கைதுடைக்கும் காகிதத் துண்டுகளையே முடிச்சு முடிச்சாக இணைத்து ஒரு வெண்ணிறச் சிற்பம் செய்தார். முடிந்தது என்று அவரே தீர்மானிப்பார். தீர்மானித்தபின் அதனை அப்பால் தள்ளிவிட்டு அடுத்ததற்குச் செல்வார். எதற்கும் பெயரிட்டதில்லை. எதனைப் பற்றியும் விளக்கியதில்லை.

நேக் சந்தின் சிற்பங்களைப் பற்றி நாம் கூறிய இரட்டைப் பார்வை இங்குத் தலைகீழாகின்றது. அங்கு வளையல் வெளியே தெரிந்தது. இங்குப் பொருள் உள்ளே மறைந்துள்ளது. ஆயினும் அது இல்லாமற் போகவில்லை. உள்ளிருக்கும் நாற்காலியின் கால் புறத்தே ஒரு புடைப்பாகின்றது. சக்கரத்தின் வட்டம் ஒரு தோளாகின்றது. சில சிற்பங்களைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது, உள்ளே பொருள்கள் புதைந்திருத்தல் புலனாயிற்று. புறத்தே காணும் வடிவினை அகத்தே மறைந்த பொருள் ஆளுகின்றது. அகமும் புறமும் பற்றி இலக்கணம் செய்த மொழிக்குரிய நமக்கு இது அயலான கருத்தன்று.

இனி, இச்சிற்பங்களுக்கு உரை கண்டோர் பலர். சுற்றுதல் தழுவுதலைக் குறிக்கும். இணையாக நிற்கும் இரு வடிவங்கள் இரட்டையரைக் குறிக்கும். மறைத்தல் விடுதியின் சிறைவாழ்வைக் குறிக்கும் என்பர். இவை பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். செய்தவர் ஒன்றும் சொல்லவில்லையாதலின் உரையாசிரியர் அடக்கத்தோடு நிற்றல் நன்று. வாழ்க்கைத் துயரத்தை அறிந்துகொண்டு சிற்பத்தை அத்துயரத்தின் குறிப்பேடாகப் படிப்பதும் ஒரு வகையில் பாவம் என்று சொல்லி நகர்வதே. சிற்பத்தின்முன் நாம் உறுதியாகச் சொல்லக் கூடியவை வேறு. நீல இழைக்கு அடுத்து ஏன் மஞ்சள் இழை வந்தது, இறுக்கம் எங்கே தளர்ந்தது, எந்த முனை மூடப்படாமல் விடப்பட்டது, எப்போது போதும் என்று நிறுத்தினார் என்பவை அவை. இவையனைத்தும் தீர்மானங்கள். கல்வி புகட்ட இயலாதவர் என ஒதுக்கப்பட்ட ஒருவர் எடுத்த ஆயிரமாயிரம் தீர்மானங்கள் நம் கண்முன் நூலில் நிற்கின்றன. தீர்மானிப்பவரே கலைஞர். 2014இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவர் படைப்புகளைத் தனிக் காட்சியாக வைத்தது. 2017இல் வெனிஸ் நகரின் உலகக் கலைக்காட்சியில் அவை இடம் பெற்றன. இரக்கத்தால் அளிக்கப்பட்ட இடங்கள் அல்ல அவை.

ஆறுதல் என்பது

இக்கலையால் ஜூடித் குணமடைந்தாரா என்று கேட்பர். செவி கேட்கவில்லை. பேச்சு வரவில்லை. பிறப்பொடு வந்த நிலை மாறவில்லை. குணம் என்பது நோய் நீங்குதலாயின் எதுவும் குணமாகவில்லை. ஆனால் தமிழில் 'ஆறுதல்' என்று இன்னொரு சொல் உண்டு. புண் ஆறுதலும் ஆறுதல். மனம் அமைதல் கொள்ளுதலும் ஆறுதல். ஆறுவதற்குப் புண் எது என்று அறிய வேண்டும். ஜூடித்தின் புண் அவர் பிறப்பன்று. 35 ஆண்டு ஒதுக்கமே புண். அப்புண்ணுக்கு மருந்தாக அமைந்தவை ஒரு மேசை, வேண்டிய அளவு நூல், ஈராண்டுகள் ஒன்றும் செய்யாதிருந்தபோதும் வெளியேற்றாத பொறுமை ஆகியவை. கூடம் அவரைத் திருத்த முயலவில்லை, காத்திருந்தது.

கலைஞர் கை மருத்துவத்தோடு நேரே இணைந்த நிகழ்ச்சியும் நம் நாட்டில் உண்டு. அது ஜெய்ப்பூர்க் கால். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் உருவாயிற்று. மேனாட்டு முறையில் அமைந்த அன்றைய செயற்கைப் பாதம் காலணிக்குள் மறைந்திருப்பதற்கென ஆனது. நாற்காலியில் அமர்ந்து, காலணியோடு நடப்போர்க்கு அது பொருந்தும். தரையில் சம்மணமிடவும், குந்தி அமரவும், வயற்சேற்றில் இறங்கவும், வெறுங்காலோடு கோயிலுள் புகவும் வேண்டிய நம் மக்கள் அதனைக் கழற்றி மூலையில் வைத்தனர். இக்குறையைத் தீர்க்க மருத்துவர் பி.கே. சேத்தியோடு கைகோத்தவர் ராமச்சந்திர சர்மா. பரம்பரைச் சிற்பக் கைவினைஞர். பள்ளிப் படிப்பு மிகக் குறைந்தவர். நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க மருத்துவமனைக்கு வந்தவர். மிதிவண்டி டயர் பழுதுபார்க்கும் இடத்தில் ரப்பரை வெப்பத்தால் இறுகச் செய்யும் முறையைக் கண்டு, அதனைப் பாதம் வார்க்கும் வழியாக்கினார் என்பர். ரப்பரும் மரமும் சேர்ந்து வளையும் பாதமொன்று பிறந்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு திருச்சிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தைத் தொடர்ந்து கால் இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலைப் பொருத்திக்கொண்டு 1984இல் மீண்டும் மேடை ஏறியதைத் தமிழுலகம் அறியும்.

இதனைக் கலைத் திறனாய்வில் கூறுவது ஏன் எனலாம். சிற்பியின் கண் இங்குச் செய்தது குறிப்பிடத்தக்கது. பாதம் என்பது வெறுங்காலாகப் பார்க்கப்படும் பொருள் என்பதை அது அறிந்திருந்தது. மருத்துவம் நடை ஒன்றையே கேட்டது. சிற்பியோ அமர்தலையும் குந்துதலையும் சேற்றையும் கோயிற்படியையும் சேர்த்துக் கேட்டார். முழுமை என்பதற்கு அயல்நாட்டு அளவை விடுத்து, அணிபவரின் வாழ்க்கையையே அளவாகக் கொண்டார். ஆறுதலின் இலக்கணம் இதுவே. உடலைப் பிறர் வகுத்த முழுமைக்கு இழுத்துச் செல்லாமல், அவரவர் வாழ்வுக்கு ஏற்ற கருவியையும் இடத்தையும் அமைத்துத் தருதல். ஓக்லண்டின் நூலும் ஜெய்ப்பூரின் ரப்பரும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

நம் நாட்டுக் கலைஞருள் பினோத் பிகாரி முகர்ஜியையும் ஈண்டு நினைத்தல் தகும். சாந்திநிகேதன் தந்த பேரோவியர். பிறவியிலேயே பார்வை மிகக் குன்றியவர். 1950களில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எஞ்சிய பார்வையையும் இழந்தார். அதன்பின் காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டியும், மெழுகினைப் பிசைந்தும் படைத்தார். ஓட்டுவில்லைகளால் ஆன சுவர்ச்சித்திரமும் அக்காலத்தது. அவரைப் பற்றி 1972இல் சத்யஜித் ராய் ஒரு குறும்படம் எடுத்தார். பார்வையின்மையை இழப்பாக அழுது தீர்க்காமல், புதியதொரு நிலையாக ஏற்று அதனுள் வேலை செய்தவர் அவர். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, முயற்சி இன்மையே பழி என்னும் கருத்தினைக் கூறுகின்றார். அங்குப் 'பொறி' என்பதற்கு ஊழ் எனப் பொருள் கொள்வாரும் உளர். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். இக்கலைஞர்களைக் கண்டபின் இரண்டாம் பொருளே நம் உள்ளத்திற்கு நெருக்கமாகின்றது. எண்பேரெச்சத்திற்கு ஊதியமில்லை என்ற தீர்ப்புக்கு மறுமொழியும் நம் இலக்கியத்திலேயே இருப்பது தமிழுக்குப் பெருமை.

நம் நகரத்தில்

நம் திருவனந்தபுரத்திலும் வழி பிறந்துள்ளது. கழக்கூட்டத்தில் மாயவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு தோற்றுவித்த கலைமையத்தில், குறைபாடுடைய பிள்ளைகள் இசையும் நடனமும் ஓவியமும் மாயவித்தையும் பயில்கின்றனர். மேடையில் அவர்களைக் காணச் செல்லும் நாம், என்ன கண்ணோடு செல்கிறோம் என்பதை எண்ணிக் கொள்ள வேண்டும். 'இந்நிலையிலும் இவ்வளவா!' என்று வியப்பதும் பாவம் என்பதன் உடன்பிறப்பே. தாளம் பிசகினால் பிசகிற்று என்றும், நன்றாயின் எதனால் நன்று என்றும் சொல்ல வேண்டும். குற்றம் காண மறுப்பது கலைஞராக ஏற்க மறுப்பதேயாகும்.

சங்கங்கள் செய்யக் கூடியதும் உண்டு. மேசை, பொருள், பொறுமையுடைய பயிற்றுநர் ஆகிய மூன்றும் பெருஞ்செல்வம் வேண்டுபவை அல்ல. சாலைத் தெருவின் கடைகளில் அன்றாடம் எஞ்சும் அட்டையும் சாக்கும் கம்பியும் ஒரு கூடத்திற்குப் போதும். பள்ளி வயது கடந்த பிள்ளைகளை வீட்டின் உள்ளறையில் வைத்துப் பேணும் பெற்றோர் நம்மிடையே உளர். தமக்குப்பின் யார் என்னும் கவலையில் உறங்காதோர் அவர்கள். அவர் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் அமைந்தாலும் அது தொடக்கமே.

மீண்டும் கொக்கிடம்

ஜூடித் ஸ்காட்டைப் பற்றிப் படித்த நாளில்தான் நம் அலமாரியின் மேல்தட்டு நினைவுக்கு வந்தது. தூசி தட்டிக் கொக்கினை மேசைமேல் வைத்து, முதன்முறையாகப் பார்த்தோம். சிறகு குடையின் விலா எலும்புகள். விரிந்த குடையின் வளைவு சிறகின் வளைவுக்கு இயல்பாகவே பொருந்தி நின்றது. கழுத்து மிதிவண்டிச் சங்கிலி. அதனால் கழுத்து அசைந்தது. வயிற்றின் அடியில் விரல் தடுமாறியபோது ஒரு கம்பி தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தோம். நுண்ணிதாக மடிக்கப்பட்டு உடலோடு ஒட்டியிருந்தது இரண்டாவது கால்.

கம்பி போதாமல் நின்ற கொக்கன்று அது. மீனுக்காகக் காத்து நிற்கும் கொக்கு. காலம் பார்த்துக் காத்திருத்தலுக்கு வள்ளுவரே கொக்கினைத்தானே காட்டினார்! அதனைச் செய்தவர் வயலோரத்திலோ வாய்க்கால் கரையிலோ நின்று கொக்கினை நெடுநேரம் நோக்கியிருக்க வேண்டும். நிலையை அறிந்து, கம்பியை வளைத்து, எடை சரியாது ஒற்றைக் காலில் நிறுத்தக் கணக்கிட்டிருக்க வேண்டும். நாமோ அட்டையைப் படித்துவிட்டுக் கொக்கினைப் பார்த்தோம். ஆதலின் பொறுமை நின்ற இடத்தில் ஊனத்தைக் கண்டோம். குறை எவரிடத்து இருந்தது என்பதைக் கூற வேண்டியதில்லை.

அந்த அட்டைக்கு வருவோம். மலையாளத்தில் இருந்ததைத் தமிழாக்கின் 'மாற்றுத்திறனாளிகள் செய்த பொருள்' என்றாகும். 'செய்த' என்பது பெயரெச்சம். பெயரெச்சம் பெயர் கொண்டு முடியும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த இலக்கணம். அட்டையில் அது 'பொருள்' என்னும் பெயரைக் கொண்டு இலக்கணப்படி முடிந்துவிட்டது. ஆனால் உலகியலில் அது முடியவில்லை. செய்தவர் பெயர் எழுதப்படும் வரை அது எச்சமாகவே நிற்கும். ஓக்லண்டில் குச்சியும் நூலும் சுற்றியவர் பெயரை உலகம் அறியும். நம் ஊர்க் கொக்கினைச் செய்தவர் பெயரை அதனை வாங்கிய நாமே அறியோம். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பின்னர் அக்கூடத்தில் விசாரித்தபோது, காட்சி நடத்தியவர்கள் எங்கிருந்து வந்தனர் என்று சொல்வார் இல்லை.

அடுத்த பொருட்காட்சிக்குச் செல்லும் அன்பர்கள் பணம் நீட்டும் முன் ஒரு வினா கேட்பாராக: இதனைச் செய்தவர் யார்? அப்பெயரைப் பொருளின் அடியில் எழுதி வாங்குவாராக. எச்சம் முற்றாவது அந்தப் பெயரால்தான்.